மறை கழன்றவன்

பட்டாசு அடித்தது நத்தையின் கையை. அந்த அடியின் சத்தம் மறுநாள் காலையில் கோழிக்கடை முழுக்கக் கேட்டது. கறி வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். முதலில் ஒரு ‘டொக்’, பிறகு நத்தையின் அலறல், பிறகு நாற்காலிகள் சரிகிற சத்தம். கோழிக்கடைக்காரி தலை நிமிரவில்லை. கோழியின் கழுத்தை அறுத்து, ரத்தம் வடியத் தலைகீழாகத் தகரக் கூம்பில் செருகிவிட்டு, அடுத்ததற்காகக் கூண்டுக்குள் கையை விட்டாள். ஊரே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த பட்டாசு அவள் புருஷன்.

பில்லியர்ட்ஸ் ஆடிப் பிழைக்கிறவன். ஆட்டம் தொடங்கும்போது கூட்டமாக அடுக்கி வைத்த பந்துகளை அவன் உடைக்கிற முதல் அடி வெடி வெடித்த மாதிரி இருக்கும் என்பதால் வந்த பெயர். பெயர் வந்த வேளையோ என்னவோ, ஆளும் அப்படியே ஆகிப்போனான். தோற்றால் சுவரைக் குத்துவான். ஜெயித்தால் தோற்றவன் முகத்துக்கு நேரே நின்று சிரிப்பான். பார்க்க வந்தவன் தும்மினால்கூட ஸ்டிக்கை ஓங்குவான். எச்சரிக்கை விட்டு விட்டுப் பில்லியர்ட்ஸ் சங்கத்துக்கே வாய் வலித்துப் போயிருந்தது. இதையெல்லாம் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் வந்ததையும் சொல்லாமல் விடக் கூடாது. திட்டுகிறவர்களில் பாதிப் பேர் முந்தின வாரம் கை தட்டியவர்கள்தான்.

அன்றைக்கு நடந்தது அரை இறுதி. எதிரில் நத்தை. ஒரு அடி அடிப்பதற்குள் மேசையைச் சுற்றி வந்து, ஸ்டிக் நுனிக்குச் சாக் மாவு பூசி, குனிந்து, மறுபடி நிமிர்ந்து, பார்க்கிறவனுக்குத் தாடி முளைக்க வைக்கிற ஆள். கடைசிப் பந்து குழிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். நத்தை குனிந்த நேரத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பட்டாசு தன் ஸ்டிக்கின் மறையைக் கழற்றினான். ஸ்டிக் என்பது இரண்டு துண்டு. நடுவில் மறை முறுக்கி ஒன்றாக்குவார்கள். எதிராளி அடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் தன் ஸ்டிக்கைக் கழற்றினால், தோற்றேன் என்று வாய்விட்டுச் சொன்னதற்குச் சமம். அந்த ஆட்டத்தின் விதி அது. கழற்றினால் கழற்றியதுதான்.

நத்தை அடித்தான். விழ வேண்டிய பந்து குழி வாயில் இப்படியும் அப்படியும் முட்டிவிட்டு, விழாமல் நின்றுவிட்டது. பட்டாசு துள்ளி எழுந்தான். மறைக்குள் வாயை வைத்து ஊதினான். இரண்டு துண்டையும் முறுக்கிக்கொண்டே மேசைக்கு ஓடினான். நடுவர் கையை நீட்டித் தடுத்தார்.

“கழட்டிட்டீங்க. ஆட்டம் முடிஞ்சது.”

“தூசிங்க. உள்ள தூசி. அதைத் தட்டத்தான் கழட்டினேன்.”

முடியாது என்று நடுவர் தலையை ஆட்டினார். நத்தை பல்லைக் காட்டிக்கொண்டு கை குலுக்க வந்தான். நீட்டிய அந்தக் கையின் மேல்தான், இன்னும் சரியாக முறுகாத ஸ்டிக்கின் தடித்த பாதி இறங்கியது. விரல் எலும்புகள் நொறுங்கிப் போயின. ஆடுகிறவனுக்குக் கைதானே எல்லாம்.

“உன் வீட்டுக்காரருக்கு மறை கழண்டு போச்சும்மா,” என்றார் பேக்கரிக்காரர். தொடைக்கறியைத் தோல் உரித்துத் தரச் சொல்லிவிட்டு, போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். “எல்லாச் சேனல்லயும் இதே பேச்சுதான். ‘மறை கழன்றவன்’னு பெரிய எழுத்துல போடறான்.”

“தூசி தட்டக் கழட்டினாருங்க. ஊதினதை நீங்க பாக்கலையா?”

“ஊதினதைப் பாத்தேன். பந்து நின்னதுக்கு அப்புறம்ல ஊதறாரு?”

கட்டைக்கு அந்தப் பக்கம் கோழியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி கத்தியை நிறுத்தினான். “அண்ணே, உங்களுக்குக் கறி வேணுமா, வழக்கு வேணுமா?”

“கறிதாம்ப்பா.”

“அப்போ கறியைப் பேசுங்க. எங்க மாமா தூசின்னா தூசிதான். அந்த நடுவரு ஆட்டத்தை வித்துட்டாருன்னு ஊருக்கே தெரியும். பேரு கண்ணாடிக் கடைக்காரரு. கடையில ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறாரு, தன் கண்ணு தெரியல.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தம்பி சின்ன வயதிலிருந்தே மாமன் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். பட்டாசு நின்றால் இவனும் நிற்பான், உட்கார்ந்தால் உட்காருவான். கோழியை வெட்டுகிற கைக்கு ஈரம் இருக்காது என்பார்கள். இவனோ காலொடிந்த கோழிக்குக் குச்சி வைத்துக் கட்டுகிற ஆள். கத்தியை ஆளைப் பார்த்து அவன் ஓங்கியதே இல்லை.

சிரித்த பிறகு அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. விரலில் கிடந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டாள். பட்டாசு முதன்முதலாக ஜெயித்த பரிசில் வாங்கிப் போட்டது. அளவு பெரிது. கழன்று விழாமல் இருக்க உட்பக்கம் நூல் சுற்றியிருந்தாள். வெள்ளை நூல், கடை ரத்தத்தில் ஊறி ஊறிக் கறுத்துப் போயிருந்தது. இறகு ஒட்டும், கொழுப்பு ஒட்டும், கழற்றி வைம்மா என்று எல்லாரும் சொல்லியும் அவள் கழற்றியதில்லை.

உறுத்தியதற்குக் காரணம் இருந்தது. பட்டாசைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அவன் சாந்தமாகப் பேசினால் நம்பக் கூடாது. தேன் தடவிய மாதிரிப் பேசுவான், அத்தனையும் பொய்யாக இருக்கும். கோபம் தலைக்கேறினால்தான் அவன் வாயில் உண்மை வரும். ஹாலில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலை போனபோது, அவன் வாரக்கணக்கில் தலை வாரி, சட்டை மாற்றி, வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பிப் போனான். ஒருநாள் சண்டையில் டம்ளரைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு, “ஆமாண்டி, துரத்திட்டாங்க, அதுக்கென்ன?” என்று கத்தினான். டம்ளர் துண்டு தெறித்து அவள் புருவத்தில் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கணக்கு. ‘ஆமாண்டி’ வருகிறவரை எதுவும் உண்மையில்லை. அது வருகிறபோது ஏதாவது உடையும்.

தூசி என்று அவன் சொன்னது சாந்தமாகத்தான்.

அந்த வாரம் முழுக்க மழை விட்டபாடில்லை. கோழிகள் ஈரத்தில் குறுகி உட்கார்ந்து, வெந்நீர் அண்டாவின் ஆவியும் ஈர இறகு நாற்றமும் கடையை நிறைத்திருந்த ஒரு மதியத்தில் நத்தையின் அண்ணன்கள் வந்தார்கள். கையில் இரும்புக் குழாய். பேச்சே இல்லை. முன்னால் அடுக்கியிருந்த கூண்டுகளை எட்டி உதைத்தார்கள். கதவு தெறித்து, கோழிகள் சேற்றுக்குள் சிதறி ஓடின.

“எங்கடி அவன்? எங்க தம்பி கையை ஒடிச்சவன் எங்க?”

“வீட்ல இல்லீங்க,” என்றாள் அவள். மேல்மாடியில்தான் இருந்தான். கடைக்கு மேலேதான் வீடு. அவள் அப்பா கட்டியது. ஜன்னல் மூடியிருந்தது.

தம்பி குறுக்கே வந்து, “அண்ணே, பொம்பளைகிட்ட என்ன, எங்கிட்டப் பேசுங்க,” என்றான். குழாய் அவன் வாயில் விழுந்தது. பல் உடைந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. கோழியின் கழுத்தெலும்பு முறிகிற சத்தம் போலத்தான் இருந்தது. அவள் அண்டாவிலிருந்து வாளியை மொண்டு வீசினாள். கொதிநீர் மூத்தவன் தோளில் விழுந்து, சட்டையோடு தோலும் ஒட்டிக்கொள்ள அவன் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். இளையவன் போகிற போக்கில் தராசை அடித்து நொறுக்கிவிட்டுப் போனான்.

அதன் பிறகுதான் மேல்மாடி ஜன்னல் திறந்தது. “என்ன சத்தம்?” என்று கேட்டான் பட்டாசு.

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

“அவனுகளைச் சொல்லிக் குத்தமில்லக்கா,” என்றான். உடைந்த பல்லின் வழியே காற்றுப் போய் வார்த்தை விசில் அடித்தது. “தம்பி கை ஒடிஞ்சா அண்ணனுக்கு வலிக்கும். எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கண்ணாடிக்காரன். தூசின்னு சொன்னப்பவே ஆடவிட்டிருந்தா, மாமா ஏன் அடிக்கப் போறாரு? நம்ம கடைக்கு ஏன் இந்தக் கதி?”

“விடுடா. வாயைக் கொப்பளி.”

“மாமா பொய் சொல்ல மாட்டாருக்கா.”

அவள் சொம்பில் தண்ணீரை மொண்டு நீட்டினாள். ‘சொல்லுவாருடா’ என்கிற அந்த ஒரு வார்த்தையை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பாதி நடந்திருக்காது.

மறுநாள் காலை தம்பி கூண்டுக் கதவின் கம்பியை எடுத்துக்கொண்டு போனான். வளைந்ததை நிமிர்த்தக் கொண்டுபோகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனான். அந்த மனிதர் அப்போது ஒரு கிழவிக்குக் கண்ணாடி மாட்டி, சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம். தம்பி அலமாரிக் கண்ணாடியை நொறுக்கினான். பிறகு அவரை நொறுக்கினான். மூன்றாவது அடியில் அவர் போட்டிருந்த கண்ணாடி உடைந்து, சில்லு அவர் கண்ணுக்குள்ளேயே இறங்கியது. கடைக்குள் இருந்தவர்கள் அவனைப் பிடித்தபோது கம்பியைக் கீழே போட்டுவிட்டு, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றானாம். கோழி வெட்டுகிற ஏப்ரனோடுதான் போலீஸ் அவனை இழுத்துக்கொண்டு போனது.

கோழிக்கடைக்காரி ஷட்டரை இறக்கிவிட்டு முதலில் ஸ்டேஷனுக்கு ஓடினாள். தம்பியின் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. உள்ளேயும் அடித்திருக்கிறார்கள்.

“வேற சட்டை கொண்டா அக்கா,” என்றான் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து. “இந்த ரத்தம் கோழியோடதா, அவரோடதான்னு தெரியல. உடம்புல ஒட்டிக்கிட்டே இருக்கு.”

“அவருக்குக் கண்ணு போயிருச்சுடா.”

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். “தூசிதானேக்கா?” என்றான் பிறகு. “மாமா தூசின்னுதானே சொன்னாரு?”

இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. “அந்தாளு புகாரை வாபஸ் வாங்கினா உண்டும்மா. இல்லன்னா உன் தம்பி தலை நரைச்சுத்தான் வெளிய வருவான்,” என்றார். அவள் மழையோடு மழையாக ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கண்ணுக்குக் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி இவளைப் பார்த்ததும் எழுந்து வந்து ஓர் அறை விட்டாள். ஈரக் கன்னத்தில் விழுந்த அறை. இவள் வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் அறையோடு விட்டிருக்க மாட்டோம் என்று இவளுக்குத் தோன்றியது.

“விடு,” என்றார் அவர் மனைவியிடம். பிறகு இவளிடம், “நீ எதுக்கு வந்தேன்னு தெரியும். உட்காரு,” என்றார்.

“என் தம்பி கெட்டவன் இல்லீங்க. அவன் நம்பினான், அவ்வளவுதான்.”

“என்னை எல்லாரும்தான் திட்டினாங்க. வித்துட்டான், குருடன், நாய்னு. கடை வாசல்ல மலத்தை அள்ளிப் போட்டாங்க. இத்தனை வருஷம் நின்னுக்கிட்டே ஆட்டம் பாத்திருக்கேன். ஒருத்தன் எதுக்குக் கழட்டறான்னு எனக்குத் தெரியாதா? தூசி தட்டறவன் மறையைப் பாப்பான். உன் புருஷன் மறையைப் பாக்கல. தரையைப் பாத்தான்.” அவர் மூச்சு வாங்கினார். “எனக்குப் பணம் வேணாம். மன்னிப்பும் வேணாம். நான் சொன்னது சரின்னு அவன் வாயால, நாலு பேர் முன்னால சொல்லட்டும். அன்னைக்கே புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்.”

“நான் சொன்னா ஆகாதுங்களா?”

“அவன் வாயால வரணும்மா. யாரு சொன்னாலும் இன்னொருத்தன் இல்லம்பான். அவன் சொன்னா ஒருத்தனும் பேச மாட்டான்.”

வீட்டுக்கு வந்தபோது பட்டாசு ரொட்டியும் முட்டையும் தின்றுகொண்டிருந்தான். அவனே சுட்டிருந்தான். அவளுக்கும் ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தான். மேசை ஓரத்தில் ஸ்டிக் பெட்டி.

“முதல்ல சாப்பிடு,” என்றான் குழைவாக. “மாப்ளையை வெளிய எடுத்துரலாம். எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு.”

“என்னங்க, நிசத்தைச் சொல்லுங்க. தூசியா?”

“தூசிதாம்மா. உன் மேல சத்தியமா.”

“அன்னிக்கு ஹால்ல மேசைக்கெல்லாம் புதுத் துணி போட்டு, ஏசி போட்டு, கதவைச் சாத்தி வெச்சிருந்தாங்க. தூசி எங்கிருந்து வந்துச்சு?”

“வந்துச்சு, விடேன்.”

“அவரு உங்களைப் பாத்திருக்காரு. நீங்க தரையைப் பாத்தீங்களாமே.”

அவன் மெல்லுவது நின்றது. அவள் நிறுத்தவில்லை. தம்பியின் பல்லைச் சொன்னாள், வீங்கிய முகத்தைச் சொன்னாள், ஒட்டிக்கொண்ட ரத்தத்தைச் சொன்னாள். தட்டு பறந்து வந்து அவள் காதோரம் சுவரில் உடைந்தது. முட்டை மஞ்சள் சுவரில் வழிந்தது. அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துக் கதவில் மோதினான்.

“ஆமாண்டி. தோத்துட்டேன்னுதான் கழட்டினேன், போதுமா? அந்தப் பந்தைக் குழந்தைகூடப் போடும். அந்தச் சனியன் போடாம விடுவான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? கழட்டின கை இன்னும் மறையை விடல, அதுக்குள்ள பந்து நிக்குது. ஒரு நொடி பொறுத்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். ஒரு நொடி.”

அப்புறம் அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். எப்போதும் அப்படித்தான். உடைத்த பிறகு அழுவான். அவளுக்கு நெற்றியில் புடைத்துக்கொண்டு வலித்தது. ஆனாலும் பாவமாக இருந்தது. நம்பிக்கையை ஒரு நொடி முன்னால் விட்டவனுக்கு அந்த நொடி ஆயுசுக்கும் பகை என்பது அவளுக்குப் புரிந்தது. அதற்காகத் தம்பி ஏன் சிறையில் கிடக்க வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

“சங்கத்துல விசாரணை வெச்சிருக்காங்கல்ல,” என்றாள் அவன் அழுது முடித்த பிறகு. “அங்க எல்லார் முன்னாலயும் சொல்லிருங்க. தம்பியை விட்டுருவாங்க.”

“சொல்றேன். உன் தம்பி எனக்கும் தம்பிதான். உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்.” கையை அவள் தலையில் வைத்தான். குரல் தேனாக இருந்தது.

அந்தத் தேன்தான் அவளைப் பயமுறுத்தியது.

விசாரணை சங்கத்து ஹாலிலேயே நடந்தது. பில்லியர்ட்ஸ் மேசைகளுக்கு உறை போட்டு ஓரம் தள்ளியிருந்தார்கள். ஈரக் குடைகளும் நனைந்த சட்டைகளுமாக ஒரே புழுக்கம். ஒரு பக்கம் கேமராக்காரர்கள். நடுவில் நீள மேசைக்குப் பின்னால் சங்கத் தலைவர். ஒரு ஓரத்தில் மாவுக்கட்டுக் கையோடு நத்தை. இன்னொரு ஓரத்தில், மனைவி தோளைப் பிடித்திருக்க, கண்ணாடிக் கடைக்காரர். வெளியே படியில் நின்ற கூட்டம் பாதி ‘மறை கழன்றவனே வெளியே போ’ என்று கத்தியது. மீதி ‘பட்டாசு, பட்டாசு’ என்று கத்தியது. இரண்டு பாதியும் ஒன்றையொன்று குடையால் குத்திக்கொண்டிருந்தன.

“கையை ஒடிச்சதுக்கு ஒரு வருஷம் ஆடக் கூடாது. அது முடிவாயிருச்சு,” என்றார் தலைவர். “இன்னைக்குக் கேக்கறது மத்தது. தூசி தட்டத்தான் கழட்டினீங்கன்னா, தப்பு நடுவர் மேல. இல்ல, தோல்வியை ஒத்துக்கிட்டுக் கழட்டிட்டு, அப்புறம் பொய் சொல்லி இத்தனை பேரை அடிச்சுக்க விட்டீங்கன்னா, ஆயுசுக்கும் நீங்க ஸ்டிக்கைத் தொட முடியாது. சொல்லுங்க.”

ஆயுசுக்கும் என்ற வார்த்தையில் பட்டாசின் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். அவன் பெட்டியைத் திறந்து ஸ்டிக்கின் இரண்டு துண்டையும் எடுத்தான். முறுக்கினான். கழற்றினான். மறையைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினான்.

“தூசிங்க,” என்றான் சாந்தமாக. “இங்க பாருங்க, இந்த இடுக்குலதான் உட்காரும். எனக்கு யார் மேலயும் கோபமில்ல. கண்ணு போனவருக்காக வருத்தப்படறேன். ஆனா உண்மை உண்மைதானே.”

படியில் நின்ற ஒரு பாதி ஆர்ப்பரித்தது. கண்ணாடிக் கடைக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி கோழிக்கடைக்காரியைத் திரும்பிப் பார்த்தாள். உன் தம்பி போனான் என்று சொல்கிற பார்வை.

அவள் எழுந்தாள். என்ன செய்ய வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கட்டையில் வைத்த கோழிக்கு எங்கே மூட்டு, எங்கே தட்டினால் பிளக்கும் என்று தெரிந்த கை அவளுடையது. இந்த மனிதனின் மூட்டும் தெரியும். நேராக அவன் முன்னால் போய், அடி எட்டுகிற தூரத்தில் நின்றாள்.

“என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினியேடா.”

கல்யாணமான நாளிலிருந்து நீங்க என்று மட்டுமே கேட்டவன். அவன் கண் சுருங்கியது.

“போய் உட்காரு. வீட்ல பேசிக்கலாம்.”

“எந்த வீட்ல? எங்கப்பன் வீட்லயா? என் தம்பி வாயில அடி வாங்கறப்ப ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஒளிஞ்சிருந்தியே, அந்த வீட்லயா?”

“ஏய். கேமரா இருக்கு.”

“இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும், பட்டாசு நமுத்துப் போன கதையை. கை குலுக்க வந்தவனை அடிப்ப, கட்டினவளை அடிப்ப. ஒத்தப் பந்தைப் பாத்து நடுங்கிப்போயிட்ட. நத்தை அடிக்கிறதுக்கு முன்னாடியே நீ செத்துட்டடா. பயந்தாங்கொள்ளி.”

தலைவர் ஏதோ சொல்லி எழுந்தார். அவள் காதில் விழவில்லை. பட்டாசின் கழுத்து நரம்பு புடைப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் பின்னால் போனது. தடித்த பாதி அவன் கையில்தான் இருந்தது. கையை முகத்துக்குக் குறுக்கே வைக்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. வைத்தால் அவன் வேகம் தணிந்தாலும் தணியும். அவள் கையை இறக்கியே வைத்திருந்தாள்.

அடி தாடையில் விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்து, உறை போட்ட மேசை ஒன்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். வாய் நிறையச் சூடாக ரத்தம். அவன் மறுபடி ஓங்கிக்கொண்டு மேலே நின்றான். அவன் கத்தியது படியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

“ஆமாண்டி. தோத்துட்டேன்னுதான் கழட்டினேன். அதுக்கென்ன இப்போ? அந்தாளு சொன்னது சரிதான். தூசியும் இல்ல, மண்ணும் இல்ல. தோத்துட்டேன், கழட்டினேன். போதுமாடி?”

நாலு பேர் பாய்ந்து அவனை மடக்கினார்கள். ஸ்டிக் தரையில் விழுந்து உருண்டது. வெளியே மழை பெய்வது மட்டும் கேட்டது. தான் சொன்னது என்னவென்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கைதட்டுகிற முகம் ஒன்றுகூட இல்லை.

அவள் மேசைக் காலைப் பிடித்து எழுந்தாள். ரத்தத்தோடு ஒரு பல்லையும் உள்ளங்கையில் துப்பினாள்.

“கேட்டுச்சுங்களா?” என்றாள்.

“கேட்டுச்சும்மா,” என்றார் கண்ணாடிக் கடைக்காரர். “இதுக்காகவா நீ... இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். உன் தம்பி வந்துருவான்.”

அவர் மனைவி தன் முந்தானையால் இவள் வாயை அழுத்திப் பிடித்தாள். அறைந்த அதே கை.

பிறகு கோழிக்கடைக்காரி விரலை வாய்க்குக் கொண்டுபோய், மிச்சமிருந்த பல்லால் மோதிரத்தின் நூலைக் கடித்து அறுத்தாள். கறுத்த நூல் புழுவைப் போலச் சுருண்டு விழுந்தது. நூல் போனதும் மோதிரம் தானாகவே வழுக்கிக்கொண்டு வந்தது. அதை அவன் காலடியில் போட்டாள்.

பட்டாசு பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு மண்டியிட்டான். மோதிரத்தைத் தேடி எடுத்தான். அழ ஆரம்பித்திருந்தான்.

“எனக்குத்தான் மறை கழண்டு போச்சும்மா. எனக்கே தெரியல. இனிமே இல்ல, சத்தியமா இல்ல. இந்தா, போட்டுக்க.” அவள் விரலைப் பிடித்து நுழைத்தான். நூல் இல்லாத மோதிரம் விரலில் நிற்காமல் மறுபடி தரையில் விழுந்தது.

குரல் தேனாகியிருந்தது. அவள் கையை உருவிக்கொண்டு கண்ணாடிக் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். தாடை வீங்கி வார்த்தை குழறியது.

“ஐயா, நீங்க நடுவரு. நீங்களே சொல்லுங்க. கழட்டினதைத் திரும்ப மாட்டலாமா?”

அவர் கட்டுப் போடாத கண்ணால் தரையில் கிடந்த மோதிரத்தைப் பார்த்தார். மண்டியிட்டிருந்தவனைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

“விதியில இடமில்லம்மா,” என்றார். “கழட்டிட்டா, முடிஞ்சது.”

அவள் தலையை ஆட்டினாள். தம்பிக்கு வேறு சட்டை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மழைக்குள் இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.